எரியாத கால்

உப்பளத்தில் புண்ணோடு இறங்கினால் எரியும். எனக்கு எரியவில்லை. என் நோயின் முதல் அறிகுறி அதுதான். அதை அறிகுறி என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரியில் கிளீனர், கேரளத்தில் கல்குவாரி, திருப்பூரில் சாயப்பட்டறை என்று சுற்றிவிட்டு, மரக்காணத்தில் செல்வி அக்கா வீட்டுக்கு வந்து, அவளோடு உப்பு வாரப் போனேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் மாதம் கால் வெடித்து எரியும். எரிச்சல் நின்றால் "உப்பு பழகிடுச்சி" என்பார்கள். அது பாராட்டு. எனக்குச் சீக்கிரமே நின்றது. இடது கணுக்காலுக்கு மேல் ஒரு வெளுத்த திட்டு இருந்தது. உப்பு பட்டு வெளுத்ததாக எல்லோருமே நினைத்தோம்.

திரௌபதி அம்மன் தீமிதிக்கு என்னைக் காப்புக் கட்ட வைத்தது அக்கா. நான் ஓர் ஊரில் நிலையாகத் தங்க வேண்டும் என்பது அவள் வேண்டுதல். என் காலை வைத்து அவள் வேண்டிக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இறங்கினேன்.

மற்றவர்கள் நெருப்பின் மேல் ஓடினார்கள். நான் நடந்தேன். நடுவில் நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டேன். கூட்டம் அலறியது. கரையேறியதும் பெரியவர்கள்கூட என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அக்கா அழுதாள்.

"பாத்தியாடா, அம்மா உன்ன தாங்கிக்கினா!"

எனக்கு அன்றே சந்தேகம். விரதத்தின் மூன்றாம் நாள் கருவாடு தின்றவன் நான். என்னை எதற்குத் தாங்க வேண்டும்?

இரண்டு நாள் கழித்துச் செருப்பில் ஈரம் கண்டேன். இடது சுண்டுவிரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து குழி விழுந்திருந்தது. அதோடு உப்புப் பாத்தியில் இறங்கினேன். ஒன்றுமில்லை. பக்கத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த மணி, விரலில் ஒரு சின்னக் கீறலுக்குத் துள்ளிக்கொண்டிருந்தான்.

"உனக்கு இன்னாப்பா, சாமி காலு!" என்றான்.

உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் இரண்டு பாதத்தையும் தொடும்போது சொல்ல வேண்டும். நான் காத்திருந்தேன்.

"எத்தன முறை தொட்டேன்?"

"இன்னும் நீங்க தொடவே இல்லியே மேடம்."

"ஒம்போது முறை தொட்டாச்சிங்க."

தொழுநோய் (தோலையும் நரம்பையும் தாக்கும் கிருமி நோய்) என்றார். பல மாதம் ஒன்றாகத் தங்கிய யாரிடமிருந்தாவது தொற்றியிருக்கலாம் என்றார். பன்னிரண்டு மாதம் கூட்டு மருந்து (சில மருந்துகளைச் சேர்த்து அட்டையாகத் தருவது). குணமாகிவிடும், செத்த நரம்பு திரும்புவது சந்தேகம் என்றார்.

"ஒரே லாரியில நாலு பேரு படுத்திருந்தோம். எனக்கு மட்டும் ஏன் மேடம்?"

"நெறைய பேருக்கு உடம்பே எதிர்த்துடும். சில பேருக்கு எதிர்க்காது. ஏன்னு முழுசா தெரியாதுங்க."

பூசாரியும் ஏறக்குறைய இப்படித்தான் சொல்வார். அவரிடம் மாத்திரை இல்லை.

முதல் வேளை மருந்துக்குச் சிறுநீர் சிவந்தது. பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். போகப்போகத் தோலும் மருந்தால் கறுத்தது. புண் ஆறாமல் எலும்பு வரை போனதால் சுண்டுவிரலை எடுத்தார்கள். இன்னும் ஒரு மாதம் உப்புத் தண்ணீரில் நின்றிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார்கள்.

படுத்திருந்த நாட்களில் அக்காவோடு வாதாடுவதுதான் வேலை.

"அம்மாதான் சுட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சா."

"அப்போ நோய யாரு குடுத்தா?"

"அத நீ கேரளாவுல வாங்கினு வந்த."

நல்லது அம்மன், கெட்டது கேரளா. இந்தக் கணக்கை நான் நம்பவில்லை. ஆனால் பன்னிரண்டு மாத்திரை அட்டைகளுக்காக நான் ஒரே ஊரில் தங்கிவிட்டேன். அவள் வேண்டுதல் பலித்துவிட்டது. நான் தங்கினேனா, தங்க வைக்கப்பட்டேனா? சிகிச்சை முடிந்த பிறகும் இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த தீமிதிக்கான கோயில் கூட்டத்தில் என்னைத்தான் முதலில் இறங்கச் சொன்னார்கள். அது அருளில்லை, தொழுநோய், காலில் உணர்ச்சி செத்துவிட்டது, மருந்து சாப்பிட்டு முடித்துவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பக்கத்திலிருந்தவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். போன வருடம் இதே காலைத் தொட்டவர். மருந்து தொடங்கிவிட்டால் இது தொற்றாது என்பது அவருக்குத் தெரியாது. நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் காலில் உப்பு எரியாமல் போனால் யார் பாராட்டையும் நம்பாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, யாரையாவது பஞ்சால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த வருடம் அக்கா இறங்கினாள். நெருப்பைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு ஓடினாள். "ஐயோ, எரியுதுடா!" என்று கத்திக்கொண்டே என் பக்கம் வந்து உட்கார்ந்து சிரித்தாள். அவள் பாதத்தை மடியில் வைத்துப் பார்த்தேன். என் உள்ளங்கையில் அதன் சூடு தெரிந்தது.

"எதுக்கு வேண்டிக்கின?"

"சொன்னா பலிக்காது, போடா."

சுடும் என்று தெரிந்து இறங்கியவள் அவள். நான் இறங்கியதில் தைரியமும் இல்லை, பக்தியும் இல்லை. மனிதனுக்குச் சொந்த விருப்பம் என்று ஒன்று உண்டென்றால், அவள் அங்கே தயங்கி நின்ற அந்த ஒரு கணத்தில் அது இருந்திருக்கலாம். எனக்கு அந்தக் கணம் கொடுக்கப்படவில்லை.

இப்போது தினமும் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். நேற்று ஏறிய முள் இன்றைக்குத்தான் தெரியவரும். உடம்பு முழுவதும் ஒரே நாளில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். என் கால் எனக்கு ஒரு நாள் பின்னால் வருகிறது.