அண்ணன் காரின் ஆறு வோல்ட் ஹாரன்

எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அவருடைய காரில் ஏறியிருப்பீர்கள். மீதிப் பேர் அதன் ஹாரனையாவது கேட்டிருப்பீர்கள். அண்ணனின் குணத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் அந்த ஹாரனைப் பற்றி எழுதப் போகிறேன். சின்ன வயதிலிருந்தே கேள்வி கேட்டே ஆளை அரிக்கிற தங்கச்சி நான். என்னிடம் வேறு எதிர்பார்க்காதீர்கள்.

அண்ணன் பிறந்தது திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில், அம்மாவின் ஊரில். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் எட்டாவதோடு படிப்பு நின்றது. டவுனில் ஒரு டாக்டருக்கு டிரைவரானார். டாக்டர் முதுமையில் மகனோடு போய்விட்டபோது தம் பழைய சீமைக் காரை அண்ணனிடமே விட்டுப்போனார். அண்ணன் அதை வாடகைக்கு ஓட்டினார். பிரசவம், பாம்புக்கடி என்றால் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து போவார். அதனால் எங்கள் பக்கத்தில் அது கடைசிவரை 'டாக்டர் கார்'தான். ஹாரன் சத்தம் வாய்க்கால் கரை முழுக்கத் தெரியும். எருமை கனைக்கிற மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்தால் அண்ணனுக்கு மூக்கு சிவக்கும்.

அது ஆறு வோல்ட் கார். முன்விளக்கு அகல்விளக்காக மினுங்கும். ஒரு மழைக்காலத்தில் கரை தெரியாமல் வண்டி வாய்க்காலில் இறங்கப் பார்த்தது. அதோடு டைனமோ, பேட்டரி, பல்பு எல்லாவற்றையும் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றினார். ஹாரனும் உள்ளே இருந்த கடிகாரமும் மட்டும் பழையவை. அவற்றுக்கும் பன்னிரண்டையே கொடுத்தார். ஹாரன் கீச்சென்று கத்தியது. சத்தம் வருகிறதல்லவா, போதும் என்று விட்டுவிட்டார்.

அப்போது எழுபதுகளின் தொடக்கம். கழக ஆட்சி, நில உச்சவரம்புப் பேச்சு, அறுவடைக் கூலித் தகராறு. அடியாட்களை ஏற்றிக்கொண்டு பண்ணை வண்டி வரப்போகிறது என்று கிழக்குத் தெருவில் ஒரே பயம். வேலை செய்பவர்கள் குடியிருந்த தெரு அது. முகப்பில் பனைமரத்தைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அந்தத் தெரு அஞ்சலைக்குத் தலைப்பிரசவ வலி எடுத்து, அண்ணனுக்கு ஆள் வந்தது.

அண்ணன் தெருத் திருப்பத்தில் நின்று ஹாரன் அடித்தார். முன்பெல்லாம் அந்த எருமைச் சத்தம் கேட்டதும் மரத்தைத் தூக்கிவிடுவார்கள். அன்றைக்கு யாரும் வரவில்லை. இன்னும் பலமாக அடித்தார். அந்தப் புதுச் சத்தத்தைப் பண்ணை வண்டி என்று நினைத்து, வலியில் துடித்த அஞ்சலையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வாழைக் கொல்லைக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். இவர் அடிக்க அடிக்க அவர்கள் தூரமாய்ப் போனார்கள். கடைசியில் இறங்கி ஓடி, பேர் சொல்லிக் கத்தித்தான் அவர்களைக் கண்டுபிடித்தார். அஞ்சலை பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை.

அதன்பிறகு அண்ணன் அந்த ஹாரனைப் போட்டு நோண்டிய நோண்டலைச் சொல்லி முடியாது. மின்அடுப்புக் கம்பிச்சுருளைப் பேட்டரிக்கும் ஹாரனுக்கும் நடுவில் கட்டினார். குரல் திரும்பியது, ஆனால் சேர்ந்தாற்போல் அடித்தால் சுருள் பழுத்துப் புகைந்தது. அதே மாதிரிச் சுருளைக் கடிகாரத்துக்குக் கட்டினால் பிரயோஜனமே இல்லை. கடிகாரம் சூடாகி நின்றுவிட்டது. ஒரே சுருள் ஒன்றுக்குக் கேட்கிறது, ஒன்றுக்கு ஏன் கேட்கவில்லை என்று நான் அரித்தேன். ஹாரன் குடம்குடமாகக் குடிக்கிறது, கடிகாரம் சொட்டுச்சொட்டாகக் குடிக்கிறது, மின்சாரம் நிறையப் போனால்தான் சுருள் தடுக்கும் என்றார். புதுசாக ஒரு பன்னிரண்டு வோல்ட் ஹாரன் வாங்கிப் போட்டால் என்னண்ணே என்று கேட்டேன்.

"வண்டி போய்ச் சேர்ந்தா போதாது பாப்பா. வர்றது நான்தான்னு அவங்களுக்குத் தெரியணும்" என்றார்.

கடைசியில் பெரிய பேட்டரியை எடுத்துவிட்டு, இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகளைச் சேர்த்துக் கட்டினார். இரண்டும் சேர்ந்தால் பன்னிரண்டு. நடுவிலிருந்து தனி ஒயர் இழுத்தால் ஆறு. எருமை மறுபடி கனைத்தது. கடிகாரத்தையும் பழுதுபார்த்து அதிலேயே ஓடவிட்டார். ஒரே குறை, ஹாரனும் கடிகாரமும் தொங்கும் பேட்டரி மட்டும் சீக்கிரம் களைத்துப்போகும். அதனால் வெள்ளிக்கிழமை வண்டி கழுவிச் சந்தனம் வைக்கும்போது இரண்டையும் இடம் மாற்றி வைப்பார். ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை. சொந்தக் கல்யாணம் நடந்த வாரத்திலும் மாற்றினார் என்று அண்ணி இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்வார்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்ட நாட்களில் அந்தப் பேட்டரிக் கனத்தைத் தூக்கி மாற்றியவர் அதே அண்ணிதான். யாரும் சொல்லவில்லை. அவருக்கு எங்கள் முதல் நன்றி. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், காரியத்துக்குத் தோள் கொடுத்த உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கிழக்குத் தெருக்காரர்களுக்கும் ஒரு நன்றி பாக்கி. அண்ணன் உடலை ஊருக்குக் கொண்டுவந்த அன்று அவர்கள் மாலையோடு திருப்பத்தில் காத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் சைரன் அலற அவர்களைத் தாண்டிப் போனது. ஒருவரும் எழவில்லை. ஏதோ வண்டி போகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் அந்த டாக்டர் காரை ஓட்டிவந்த அண்ணன் மகனை நிறுத்தச் சொல்லி, எட்டி நான் ஹாரனை அழுத்தினேன்.

அஞ்சலைதான் முதலில் எழுந்தார்.

"எந்திரிங்க, அண்ணன் வந்துட்டாங்க" என்றார்.