துண்டுக்குள் இரண்டு விரல்

போடியிலிருந்து மலைக்கு ஜீப் ஓட்டிப் பிழைத்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் பெரியம்மா மகள் பொன்னுமணி அக்காவை ஏலத்தோட்டங்களுக்கு ஏற்றிப்போவேன். மனநோய்க்காரர்களைப் பேசிக் குணமாக்கும் படிப்பைப் பெங்களூரில் முடித்துவிட்டு, மதுரையில் ஒரு கல்லூரியில் அதையே பாடமாக நடத்திக்கொண்டிருந்தாள். ஊர் அவளுக்கு வைத்த பெயர் ‘பைத்தியக்கார டாக்டர்’. வைத்தவன் எவனும் யோக்கியன் இல்லை. டீக்கடையில் கேலி பேசிவிட்டு, தன் பெண்டாட்டியைப் பின்வாசல் வழியாக அக்காவிடம் கூட்டிக்கொண்டு வருவான்.

எழுபத்தெட்டில் அக்கா ஓர் ஆராய்ச்சி தொடங்கினாள். தோட்டத்துப் பெண்கள் ஏன் தூங்குவதில்லை, சிலர் ஏன் திடீரென்று பேச்சை நிறுத்திவிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அச்சடித்த கேள்வித்தாளோடு போனாள். கங்காணி பக்கத்திலேயே நின்றான். “நல்லாத்தேன் இருக்கோம் டாக்டரம்மா” என்று ஒருத்தி விடாமல் சொன்னார்கள். அந்தத் தாள்களைப் பார்த்தால் மலையில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. இறங்கும் வழியில் அத்தனையையும் கிழித்துப் போட்டாள்.

அக்காவின் அப்பா ஜக்கையன், என் பெரியப்பா, சிலமலையில் மாட்டுத் தரகர். சந்தையில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசி முடிப்பார்கள். அதைத்தான் அக்கா மலைக்குக் கொண்டுபோனாள். மடியில் துண்டு, ஆமாம் என்றால் ஒரு விரலை அழுத்த வேண்டும், இல்லை என்றால் இரண்டு. ஒரு வருஷமாக வாய் திறக்காத செல்லத்தாயிடம், “வீட்டுல அடிக்கிறாகளா?” என்று காதோடு கேட்டாள். அந்தப் பெண் அக்காவின் ஒற்றை விரலைப் பிடித்தவள் விடவே இல்லை. கங்காணி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

“துண்டுக்குள்ள வந்த பதில்ல ஒரு புள்ளி மாத்துனாக்கூட நான் படிச்ச படிப்பு பொய்யிடா” என்பாள் அக்கா.

இவ்வளவு கெட்டிக்காரியின் வீட்டிலேயே ஒரு பூட்டிய அறை இருந்தது. அவள் அண்ணன் சுருளிவேல் பம்பாயில் வேலை பார்ப்பதாக ஊர் நம்பிக்கொண்டிருந்தது. அவர் காதில் குரல் கேட்கிறது என்று சொன்ன நாளிலிருந்து, எழுபத்துநாலிலிருந்து, அந்த அறையில்தான் இருந்தார். சாவி பெரியப்பாவின் இடுப்பில். வெளியே தெரிந்தால் சின்ன மகளை எவனும் கட்டமாட்டான் என்ற பயம் அவருக்கு. ‘நோயாளியைப் பூட்டி வைக்காதீர்கள்’ என்று மதுரையில் பாடம் நடத்திவிட்டு, சனிக்கிழமை வந்து, ஜன்னல் கம்பி வழியாக அண்ணனுக்குச் சோறு ஊட்டுவாள் அக்கா. வாயைத் திறக்க எனக்கும் தைரியம் இல்லை.

எண்பத்தொன்றில் தங்கையின் கல்யாணம் முடிந்தது. மறு வாரமே அக்கா பெரியப்பா முன் போய் நின்றாள்.

“அய்யா, இப்பவாச்சும் சாவியக் குடுங்க. மதுரை ஆஸ்பத்திரில சொல்லி வச்சிருக்கேன்.”

“அவன் வரமாட்டான் ஆத்தா.”

“நீங்களாச் சொன்னா எப்படி?”

“நீதான் ஊரெல்லாம் துண்டு போட்டுக் கேக்குறயில்ல, இவங்கிட்டயும் கேளு. வர்றேன்னு விரலப் பிடிச்சாம்னா சாவி உங்கையில. துண்டுக்குள்ள முடிஞ்ச பேச்ச நான் என்னைக்கும் மாத்துனதில்ல.”

அது உண்மை. பெரியப்பாவை எதில் வேண்டுமானாலும் குறை சொல்லலாம், அதில் முடியாது.

அக்கா ஜன்னலுக்குள் கையை நீட்டி அண்ணன் கையைப் பிடித்தாள். பெரியப்பா தம் தோள்துண்டை எடுத்து இரண்டு கைகளையும் மூடினார். “அண்ணே, எங்கூட வெளிய வர்றீகளா? ஆமான்னா ஒரு விரலு, இல்லன்னா ரெண்டு” என்று கேட்டாள். அண்ணன் சுவரைப் பார்த்தபடி இருந்தார். கொஞ்ச நேரம் துண்டு அசைந்தது. அக்கா கையை வெளியே எடுத்தாள்.

“வர்றேங்குறாரு” என்றாள்.

பெரியப்பா சாவியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார். நானும் அக்காவும் அண்ணனைத் தாங்கிப் பிடித்து ஜீப்பின் பின்சீட்டில் உட்கார வைத்தோம். வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் முரண்டு பிடிக்கவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ கோயில் தேர் கிளம்பியது மாதிரி சந்தோஷம்.

தேனி தாண்டியும் இருவர் கையும் பிரியவில்லை. கண்ணாடியில் பார்த்துவிட்டு, “அண்ணன் தங்கச்சி பாசத்தப் பாரேன்” என்றேன்.

“பாசமில்லடா மொக்கச்சாமி” என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. “ரெண்டு விரலு. அப்பவும் ரெண்டுதேன் பிடிச்சாரு. சிலமலையில இருந்து ரெண்டையும் விடாம அமுக்கிட்டே வர்றாரு.”

ஓரமாக ஜீப்பை நிறுத்தினேன். “திருப்பவாக்கா?”

“அது அவரு சொன்ன பதிலா, அந்த ரூம்பு சொல்ல வச்ச பதிலா, எனக்குத் தெரியலடா. இத்தன படிச்சும் தெரியல.” அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஓட்டு” என்றாள்.

ஓட்டினேன். உசிலம்பட்டி வந்தது, செக்கானூரணி வந்தது. அண்ணன் அழுத்துவதை நிறுத்தவில்லை. அக்காவும் கையை எடுக்கவில்லை.