லயத்துச் சுவரில் வெள்ளக்கோடு

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனால் எங்கள் ஆட்கள், நாங்கள் முன்பு குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குள் கதவைக்கூடத் தட்டாமல் நுழைந்துவிடுவார்கள். இப்போது அங்கே எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத்துக்காரர்கள் குடியிருக்கிறார்கள். இந்த வருஷம் கிள்ளானிலிருந்து வந்த சித்தப்பாவும் அப்படித்தான் நுழைந்தார். அங்கிருந்தவர் தன் நாற்காலியை இவருக்குப் போட்டு, தண்ணீரும் கொடுத்தார்.

சித்தப்பா அதைக் குடித்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தார். "இவங்க நாடு பூரா தாழ்வான நிலம், ஆறு, வெள்ளம். எப்படி முன்னேறும்? நம்ம மலேசிய மண்ணு அப்படியா? குச்சிய நட்டாலும் முளைக்கும் லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தலைக்குப் பின்னால், சுவரில் வெள்ளம் நின்ற கோடு இன்னும் இருந்தது. சிலாங்கூர் ஆறு பொங்கியபோது நாங்கள் மேசைமேல் ஏறி நின்ற வீடு அது. இந்தச் சதுப்பில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தது தாத்தா தலைமுறை. அதைத்தான் இவர் மண்ணின் மகிமை என்கிறார்.

"பின்னாடி அந்தக் கோட்டப் பாருங்க சித்தப்பா" என்றேன்.

"அது வேற லா" என்றார். கிளம்பும்போது காலிக் குவளையை அந்த மனிதரிடம் நீட்டி, "இது எங்க வீடு, தெரியுமா?" என்று மலாய் மொழியில் பெருமையாகச் சொன்னார்.

எங்கள் வீடாம்! அப்பா தோட்ட வேலையைவிட்டு நின்ற மாதமே நிர்வாகம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டது. அந்த மனிதர் தலையாட்டிச் சிரித்தார். அவரிடமும் ஒருநாள் சாவியைக் கேட்பார்கள்.