பதினாறு என்று சொல்லச் சொன்னார்கள்

புதுச் சீருடைத் துணியின் கஞ்சி வாசம், மழை ஈரத்தோடும் தையல் மெசினின் எண்ணெய் வாசத்தோடும் கலந்து வந்தால் இப்போதும் என் கண்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். மார்கழி மாரியில், கல்முனைக் கடைத்தெருவின் மாடி அறையொன்றில், மெசின்கள் ஒன்றாக ஓடும் இரைச்சலுக்கு நடுவே, மேசையிலிருந்து மடிக்கும் மடியிலிருந்து தரைக்கும் வழிந்துகொண்டிருந்த வெள்ளைத் துணிக்குள் பாதி விழிப்பும் பாதி உறக்கமுமாக நான் உட்கார்ந்திருந்த காலம் அது. யன்னலுக்கு வெளியே மழை, உள்ளே எங்கு பார்த்தாலும் வெள்ளை. கடலுக்கு அடியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அப்போது வயது பதின்மூன்று.

அந்த மாரி தொடங்கும்போதுதான், தோணியைக் கரையேற்றுகையில் என் வாப்பாவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. கடலுக்குப் போகக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட, சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு முன்னறையில் அவர் பாயோடு பாயாகக் கிடந்தார். பக்கத்து வீட்டு மெசினில் விளையாட்டாகத் தைக்கப் பழகியிருந்த என்னை, பள்ளிக்கூட ‘லீவுக்கு மட்டும்’ என்று சொல்லித்தான் உம்மா அந்தத் தையல் கடைக்கு அனுப்பினார்.

கடை முதலாளியை எல்லோரும் ‘ஹாஜியார்’ என்போம். கெட்ட மனிதர் அல்லர். பசியோடு யாரையும் மெசினில் இருக்க விடமாட்டார். ஆனால் போன முதல் நாளே ஒரு பாடம் சொல்லித் தந்தார். ‘லேபர் ஒபிஸால’, அதாவது தொழில் அலுவலகத்திலிருந்து, யாராவது வந்து வயது கேட்டால் பதினாறு என்று சொல்ல வேண்டும். பதினாலு முடியாத பிள்ளையை வேலைக்கு வைப்பது அந்நாளில் சட்டப்படி குற்றம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ‘லேபர் ஒபிஸ்’ என்பது, பெயரைச் சொன்னால் வந்துவிடும் ஜின் மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

விடுமுறை முடிந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. என்னைப் போ என்று யாரும் சொல்லவில்லை. “கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்க மகள், வாப்பா எழும்பட்டும்” என்றார் உம்மா, என் முகத்தைப் பார்க்காமல். காலையில் மாடி யன்னலால் எட்டிப் பார்த்தால், குடைகளின் கீழே வெள்ளை வெள்ளையாய்ப் பிள்ளைகள் போவார்கள். அந்தச் சட்டைகள் சிலவற்றில் நான் தைத்த கைகளும் கழுத்துகளும் இருக்கும். ஒவ்வொரு சட்டைக்குள்ளும் நானும் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு மீண்டும் மெசினை மிதிப்பேன்.

அப்படியொரு காலையில்தான் அந்தப் பெண் படியேறி வந்தார். நெற்றியில் சிறிய பொட்டு, ஓரம் நனைந்த சேலை, கையில் சொட்டிக்கொண்டிருக்கும் குடை. துணி தைக்கக் கொடுக்க வந்தவர் என்று நினைத்து நான் எழும்பவில்லை. ஹாஜியார் பதறி எழுந்து “வாங்க மிஸ்” என்றபோதுதான் ‘லேபர் ஒபிஸ்’ இவர்தான் என்று விளங்கியது. ஒளிய நேரமில்லை. அவர் நேரே என்னிடம் வந்து, பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்துகொண்டார்.

“எத்தின வயசு மகள்?”

“பதினாறு.”

அவர் என்னை ஏசவில்லை. நான் தைத்துக்கொண்டிருந்த கழுத்துப்பட்டியைத் தொட்டுப் பார்த்து, நல்லாயிருக்கிறது என்றார். பிறகு, கதையோடு கதையாக, “பள்ளியில எந்தப் பாடம் உங்களுக்கு விருப்பம்?” என்று கேட்டார்.

அந்த இரண்டு மாதத்தில் யாரும் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

“விஞ்ஞானம்” என்றேன். “தவளைட வாழ்க்கை வட்டம் நான்தான் வகுப்பிலயே வடிவாக் கீறினனான். இந்த வருசம் எட்டாம் ஆண்டுல மின்சாரம் படிக்கலாம் எண்டு டீச்சர் செல்லிரிக்காங்க.”

சொல்லி முடித்த பிறகுதான், மெசின்கள் எல்லாம் நின்றுபோயிருந்தது எனக்குக் கேட்டது.

“அதுர வாப்பா ஏலாமப் படுத்திரிக்காரு மிஸ்” என்றார் ஹாஜியார், தாழ்ந்த குரலில். “பாவம் பார்த்துத்தான் வெச்ச.”

“பாவம் பார்த்தது சரி ஹாஜியார். ஆனா பதினாலு முடியாத பிள்ளைய வெக்க ஏலாது. இண்டையோட நிப்பாட்டுங்க.”

அன்று அந்த மிஸ்ஸோடுதான் பஸ்ஸில் வீடு திரும்பினேன். வழி முழுவதும் அழுதேன். அந்தப் பெண்ணை அப்போது நான் வெறுத்தேன் என்பதுதான் உண்மை. வாசலில் எங்களைக் கண்டதும் உம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“சட்டம் வந்து எங்கட அடுப்பப் பத்தவெக்குமா மிஸ்?” என்று கேட்டார்.

“பிள்ளை நாளைக்குப் பள்ளிக்குப் போகோணும் அக்கா” என்றார் அந்தப் பெண். போகப் புறப்பட்டவர் வேலியருகில் திரும்பி, “கடையில பிள்ளை இருந்த மெசின் இப்ப சும்மாதான் இரிக்கி. பெரிய ஆள் ஒராள் வேணுமாம்” என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

அன்று பின்னேரம் அஸர் தொழுத பாயை மடித்து வைத்துவிட்டு உம்மா வாப்பாவின் அருகில் வந்து, அந்த வேலைக்குத் தானே போகப் போவதாகச் சொன்னார்.

வாப்பா சுவரைப் பிடித்து எழும்பி உட்கார்ந்தார். “எங்கட குடும்பத்துப் பொம்புளயள் கடைத்தெருவில வேலைக்குப் போனதில்ல.”

“அப்ப நம்மட மகள் ஆரு?” என்றார் உம்மா.

வாப்பா மறுபடி சாய்ந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, “குடையக் கொண்டு போ” என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

உம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியும், மெசின் தெரியாது. ஒரு கிழமை தவணை தந்தார் ஹாஜியார். பள்ளி விட்டு வந்ததும் பக்கத்து வீட்டு மெசினில் உம்மாவை இருத்தி நான் பழக்கினேன். சக்கரத்தை அவர் பின்னுக்குச் சுற்றுவார், நூல் அறும். தையல் நண்டு நடந்த தடம்போல் கோணிக்கொண்டு போகும். கோபத்தில் எழும்பிப் போய்விடுவார். அல்லாஹ்வின் பெயரால் ‘பிஸ்மி’ சொல்லிக்கொண்டு திரும்பி வந்து உட்காருவார். கடைசி நாள், ஒரு தலையணை உறையின் நான்கு பக்கமும் நேராகத் தைத்து முடித்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, உறையை என் முகத்தில் எறிந்து சிரித்தார். உம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

முதல் நாள் கறுப்பு அபாயாவோடு அவர் பஸ்ஸுக்குக் காத்து நின்றதும், வெள்ளைச் சீருடையில் நான் தெருவின் மறுபக்கத்தால் போனதும், மழைக்கால வெளிச்சத்தில் நடந்த ஏதோ கனவுபோல் எனக்குள் கிடக்கின்றன. இருவரும் கையசைக்கவில்லை. கூச்சமாக இருந்தது.

அடுத்த மாரிக்கு முன்பே வாப்பா கடலுக்குத் திரும்பினார். உம்மா வேலையை விடவில்லை. விடச் சொல்ல வாப்பாவும் துணியவில்லை.

இப்போது அந்த மாடியில் கைத்தொலைபேசி திருத்துகிறார்கள். சீருடைகள் தைத்தே பெட்டியில் வருகின்றன. ஹாஜியார் மௌத்தாகி அடக்கப்பட்டுப் பல காலம். அந்த அலுவலர் மாற்றலாகிப் போய்விட்டாராம். பெயரைக்கூடக் கேட்டு வைக்காமல் விட்டோம். சட்டம் பதினாலிலிருந்து பதினாறுக்கு உயர்ந்திருக்கிறது. ஆனாலும் சில கடைகளில் நான் நுழையும்போது ஒரு சிறு உருவம் திரைச்சீலைக்குப் பின்னால் நழுவுவதைக் காண்கிறேன். என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்புகிறேன்.

போன மாதம் உம்மாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனபோது அந்த வழியால் நடந்தோம். பிள்ளையை வேலைக்கு அனுப்பியதை எண்ணி வருந்துவார் என்று நினைத்தேன். அவரோ மாடியை அண்ணாந்து பார்த்தார்.

“அந்த மிஸ் வரல்லெண்டா, ஆஸ்பத்திரிக்கும் கலியாணப் பொடவைக்கும் மட்டும் இந்தக் கல்முனையக் கண்டு மௌத்தாகியிருப்பன்” என்று சொல்லிவிட்டு, என் கையை விடுவித்துக்கொண்டு, எனக்கு முன்னால் தெருவைக் கடந்து போனார்.