ஏற்காட்டு மலையில எரிஞ்ச மஞ்ச லைட்டு

பழைய வேன்ல மலையேற நினைக்கறவங்களுக்காக இதை எழுதறேன். அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன், தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

எங்க ஊட்டுக்காரர் தவறிப்போய் ஒரு வருசம் ஆச்சு. போன மாசம் அவர் திதிக்கு, ஏற்காடு தாண்டி இருக்கற, அவர் பொறந்த மாரமங்கலத்துக்குக் கிளம்பினோம். வண்டி அவர் வாடகைக்கு ஓட்டின வேன். இப்ப என் மக செல்வி ஓட்டறா.

அந்த வண்டியில ஒரு தொந்தரவு. மலையேறினா எஞ்சின் லைட்டு மஞ்சளா எரியும். மூணு பட்டறையில பார்த்தாச்சு. அங்க நல்லா இருக்கும், மறுபடி மலையேறினா எரியும்.

சேலத்துல காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அடிவாரத்துல டீ குடிக்கறப்ப செல்வி சொன்னா, "இன்னைக்கும் எரிஞ்சுதுன்னா வித்தரலாம்மா. சனத்தை ஏத்திக்கிட்டு நடுமலையில நிக்க முடியாது."

எனக்கு விக்க மனசில்ல. அவர் கை பட்ட ஸ்டேரிங் அது.

பாதி வளைவு தாண்டறதுக்குள்ள லைட்டு எரிஞ்சிருச்சு. வண்டி இழுக்கவே இல்ல. ரெண்டாவது கியர்ல உருட்டிக்கிட்டே ஏற்காடு போய்ச் சேர்ந்தோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பட்டறைக்காரர் அப்பத்தான் கதவு திறந்துக்கிட்டிருந்தார். இந்த வண்டிக்கு எஞ்சின் முன்சீட்டுக்கடியில. சீட்டைத் தூக்கினவர் சிரிச்சுட்டார்.

"ஏனுங்க, எஞ்சினுக்குக் குளுருதுன்னு போத்தி உட்டிருக்கீங்களா?"

காத்து உள்ள போற குழாய் வாயில ஒரு கம்பளி அடைச்சுக்கிட்டு இருந்தது. மலையேத்தத்துல எஞ்சின் நொம்ப காத்து இழுக்குமாம். அப்ப துணியும் சேர்ந்து ஒட்டிக்குமாம்.

"அது எங்கப்பாவோடதுங்க," செல்வி சொன்னா.

அவர் சிரிப்பை நிறுத்திட்டார். கையைத் துடைச்சுட்டுத்தான் கம்பளியை எடுத்து என்கிட்டக் குடுத்தார்.

ஊட்டுக்காரர் அதைச் சீட்டு மேலதான் போட்டிருப்பார். வாடகைக்கு வர்றவங்க யாராச்சும் எடுத்துப் போத்திக்குவாங்கன்னு அவர் போனப்புறம் நான்தான் சீட்டுக்கடியில திணிச்சு வச்சேன். பட்டறைக்கு விடறப்ப எல்லாம், கிரீஸ் பட்டுருமேன்னு ஊட்டுல எடுத்து வச்சிருவேன். வண்டி வந்ததும் மறுபடி அங்கயே வைப்பேன். அப்புறம் எந்தப் பட்டறைக்காரர் கண்ணுல படும்?

"சொல்லியிருந்தா நானே கண்டுபிடிச்சிருப்பேனே," செல்வி தலையில அடிச்சுக்கிட்டா. "சாமி சாமானாட்டம் ஒளிச்சு வச்சிருக்கே."

பட்டறைக்காரர் ஏதோ கருவியை மாட்டி லைட்டை அணைச்சார். நூத்தம்பது ரூவா வாங்கிக்கிட்டார். திதி நேரத்துக்கு மாரமங்கலம் போய்ச் சேர்ந்துட்டோம். லைட்டு எரியல.

நீங்க போறதா இருந்தா, முன்சீட்டுக்கடியில பை, துணி எதுவும் வைக்காதீங்க. லைட்டு நின்னு எரிஞ்சா மெதுவா ஓட்டிப் பட்டறைக்குப் போயிரலாம், மின்னி மின்னி எரிஞ்சா அங்கயே ஓரங்கட்டுங்கன்னு பட்டறைக்காரர் சொன்னார். பட்டறைக்கு விடறப்ப வண்டியில இருக்கறது எல்லாம் இருந்தபடியே விடுங்க. சுத்தம் பண்ணிக் குடுக்காதீங்க.

ஊட்டுக்காரர் வாசனை போயிருமேன்னு அந்தக் கம்பளியை நான் ஒரு நாளும் போத்தினதில்ல. அன்னைக்கு வைக்க வேற எடமில்லாம தோள்ல போட்டுக்கிட்டேன். இறங்கி வர்றப்ப அடிவாரத்துல வெயில் சுட்டுது.

"கழட்டும்மா, வேர்க்குது பாரு," செல்வி சொன்னா.

"ஊடு வரட்டும் கண்ணு," நான் சொன்னேன்.

வண்டியை விக்கறதைப் பத்தி அவ அப்புறம் பேசவே இல்ல.