அந்தத் துண்டை மட்டும் தர மாட்டேன்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஒற்றெழுத்து எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வயதாக ஆக மறதியும் சேர்ந்துகொண்டது. எழுதியதையே மறுபடி எழுதினால், 'அம்மா, இது பழசு' என்று பொறுமையாகக் கடிதம் போடுகிற வாசகர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்களை நம்பித்தான் வாராவாரம் பேனாவை எடுக்கிறேன்.

ஆனால் இந்த வாரம் எழுதப்போவது புத்தம் புதுசு. நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நான் ஊர் மாறிவிட்டேன்.

எங்கே என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் இருந்து விருதுநகருக்கு. பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடுகிற தூரம். அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் 'இதுக்கா இம்புட்டு?' என்று கேட்கலாம். நாற்பது வருடம் ஒரே தெருவில் 'போட்டோக்காரம்மா' என்று பேர் வாங்கியவளுக்கு, தன்னை யாரென்றே தெரியாத ஒரு தெரு... அது எத்தனை கிலோமீட்டரில் இருந்தால் என்ன?

புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரர் நாரணாபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். வாடிக்கையாளரிடம் பேசுவது அவர். படம் கழுவுவது நான். எனக்குக் கூச்சம் அதிகம். யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேச வராது. அதனால் இருட்டறை எனக்குச் சொர்க்கம். அவர் காலமான பிறகு வெளியே வந்து கேமராவுக்குப் பின்னால் நின்றேன். அதுவும் வசதிதான் – என் முகத்தைக் கேமரா மறைத்துக்கொள்ளும்.

கடை இருந்த கட்டடத்தைக் காலண்டர் கம்பெனிக்குக் குடோனாகக் கேட்டார்கள். காலி செய்தேன். விருதுநகரில் இருக்கும் என் மகன் முருகேசன், இதுதான் சமயம் என்று பிடித்துக்கொண்டான்.

"எழுபது வயசுல என்னம்மா கடை? வீட்டுக்கு வா. சும்மா உக்காந்து டிவி பாரு."

"ஏலே, சும்மா பாத்து எனக்குப் பழக்கமில்ல. எதைப் பாத்தாலும் எடுக்கணும்."

விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு கடை பிடித்தேன். மனுக் கொடுக்க வருகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டியிருக்கும் அல்லவா? கீழே டீக்கடை, ஜெராக்ஸ் கடை, என் ஸ்டூடியோ. மேலே கட்டடத்துக்காரர் வீடு. அவர் மொத்தப் பருப்பு வியாபாரம் செய்கிற அண்ணாச்சி. 'ஏதாச்சும் பிரச்சினைன்னு ஒரு வார்த்த வந்துச்சு, மறுநாளே சாவியக் குடுத்துரணும்' என்று மகன் நிபந்தனை போட்டான். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குக் கைவந்த கலை.

பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். 'ஊரை விட்டு வந்தது கஷ்டமா இருக்கா?' இல்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோதும் இப்படித்தான் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். எனக்கென்ன துக்கம்? நாள் முழுக்க மருந்துத் தண்ணியில் கையை ஊறவைத்தவளைக் கேட்டால் அல்லவா தெரியும்! கம்ப்யூட்டர் வந்த அன்று நான் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன்.

மாற்றம் என்றால் எனக்குப் பயமில்லை. ஆனால் என் கை இருக்கிறதே... அது என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டது.

அதைச் சொல்வதற்கு முன் என் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருவார்கள். பெரும்பாலும் வேலை விட்டு வருகிற வழியில், அப்படியே. பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பவுடர் நெற்றியிலும் கன்னத்திலும் காது மடலிலும் அப்பியிருக்கும். பார்க்க வெள்ளி முலாம் பூசியது மாதிரி. அந்த முகத்தில் பிளாஷ் அடித்தால் படத்தில் கண்ணும் மூக்கும் வராது. டியூப் லைட்தான் வரும். வெறும் தண்ணீருக்கு அது போகாது. துண்டில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் போகும்.

'உன் முகத்தில் அழுக்கு' என்று ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது? எனக்கு வாய் வராது. அதனால் பேசாமல் நானே துடைத்துவிடுவேன். அவர்களும் கண்ணை மூடி முகத்தை நீட்டுவார்கள். இப்படியே வருடக்கணக்காக.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கடை திறந்து எட்டாம் நாள். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். அண்ணாச்சியின் மருமகள் நித்யா கீழே வந்தாள். கல்லூரியில் பாடம் நடத்துகிற பெண். பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி, முகத்தில் பார்லர்க்காரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து செய்த மேக்கப். கூட வேலை பார்க்கும் டீச்சருக்கு அன்று ரிசப்ஷன். போகிற வழியில் காலேஜ் ஐ.டி. கார்டுக்கு ஒரு படம் எடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறாள்.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். விளக்கைப் போட்டேன். கன்னத்தில் ஏதோ மினுங்கியது.

அவ்வளவுதான். என் கை துண்டை எடுத்தது, எண்ணெய் விட்டது, இடது கன்னத்தில் இருந்து நெற்றி வரைக்கும் ஒரே இழுப்பு...

"ஐயோ! என்ன பாட்டி பண்றீங்க!"

பாதி முகம் பார்லர். பாதி முகம் நித்யா.

கண்ணாடியைப் பார்த்துவிட்டு அவள் போட்ட சத்தத்தில் டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு வந்து வாசலில் நின்றார்கள். "என் முகத்தைத் தொட நீங்க யாரு? ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்றாள். நியாயமான கேள்வி. துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மீதிப் பாதியையும் என் துண்டைப் பிடுங்கியே அழுத்தித் துடைத்துக்கொண்டு, அழாத குறையாக ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

மகனுக்கு யாரோ போன் போட்டுவிட்டார்கள். வந்தான்.

"கட்டடத்துக்காரர் மருமக மூஞ்சியிலயே எண்ணெயத் தேச்சிருக்க. ஊருல வேற மூஞ்சி கிடைக்கலையா ஒனக்கு? அவுக காலி பண்ணச் சொல்றதுக்குள்ள நாமளே சாவியக் குடுத்துருவோம்."

மறுநாள் காலை மேலே இருந்து அழைப்பு வந்தது. மகனும் கூட ஏறினான். சாவி அவன் சட்டைப் பையில் தயாராக இருந்தது.

"வாங்க, வாங்க. காப்பி சாப்பிட்டீகளா?" என்றார் அண்ணாச்சி. காலி செய்யச் சொல்கிறவர் காப்பியா கொடுப்பார்? எனக்கு விளங்கவில்லை.

நித்யா செல்போனோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாட்டி, இதைப் பாருங்களேன்!"

ரிசப்ஷனில் எடுத்த படம். மண்டப வெளிச்சத்தில் அவள் கன்னமும் நெற்றியும் மெல்லிசாக வெள்ளி பூத்தது மாதிரி ஜொலித்தது. என் துண்டு! நாரணாபுரத்தில் இருந்து கேமராப் பெட்டியோடு கட்டிக்கொண்டு வந்த பழைய துண்டு. எத்தனை தடவை துவைத்தாலும் அதன் இழையில் பவுடர் கொஞ்சம் தங்கிவிடும். எண்ணெயோடு சேர்ந்து அவள் முகத்தில் இறங்கிவிட்டது.

"எல்லாரும் எந்த பார்லர்னு கேட்டாங்க பாட்டி! அடுத்த வாரம் என் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். நாங்க ஆறு பேர். அதே துண்டால எல்லாருக்கும் துடைச்சு விடுங்க, ப்ளீஸ். இல்லைன்னா துண்டையாவது குடுங்க."

அண்ணாச்சி வியாபாரி அல்லவா? அதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். "ஒரு பெரிய கண்ணாடி, நாலு நாற்காலி நான் போட்டுத் தாரேன். போட்டோவோட இதையும் சேத்துச் செய்யுங்க. சீசன்ல கூட்டம் தாங்காது பாத்துக்கோங்க."

மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாவி இருந்த பையை ஆசையாகத் தடவிக்கொண்டான்.

மூன்று பேரும் என் தலை ஆடுவதற்காகக் காத்திருந்தார்கள்.

"மாட்டேன்" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"ஏன் பாட்டி? துவைச்ச துண்டுதானே?"

"கேக்காம ஒங்க முகத்தத் தொட்டது என் தப்பும்மா. அதுக்கு எம்புட்டு வேணும்னாலும் திட்டுங்க. ஆனா அது மினுக்குறதுக்கு உள்ள சாமான் இல்ல. கம்பெனிப் பவுடர். விடிஞ்சு போனா பொழுது சாயுற வரைக்கும் அந்தப் பிள்ளைக அதைத்தான் மூச்சா இழுக்குதுக. அதைத் தொடச்சு எறியத்தான் இந்தத் துண்டு. பூசி விடுறதுக்கு இல்ல."

"அம்மா, அவுக ஆசையாக் கேக்காக..."

"நீ சும்மா இருலே."

வாய் திறந்தது திறந்துவிட்டது. மூட வரவில்லை. மிச்சத்தையும் சொன்னேன்.

நான் எடுத்த அந்தச் சின்னப் படங்களில் சில, பெரிதாக்கித் தரச் சொல்லி என்னிடமே திரும்பி வரும். கொண்டுவருவது படத்தில் இருக்கிறவள் இல்லை. அவள் புருஷன், அல்லது மகள். மாலை போட்டுச் சுவரில் மாட்ட, வீட்டில் வேறு படமே இருக்காது. பவுடரோடு எடுத்திருந்தால் அதில் முகம் இருக்குமா? முகம் முகமாகத் தெரிய வேண்டும் என்றுதான் அத்தனை வருடம் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். அந்தத் துண்டில் ஒட்டியிருப்பதை எடுத்து நிச்சயதார்த்தத்துக்குப் பூசச் சொன்னால்... என் கை வராது.

நித்யா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "சரி... அப்ப கடையைப் பத்தி நான் யோசிச்சுத்தான் சொல்லணும்."

"யோசிங்க அண்ணாச்சி. ஆனா பத்திரத்துல பதினோரு மாசம்னு போட்டிருக்கு. எழுத்துக் கூட்டி நானே வாசிச்சேன். துண்டைக் குடுக்கலன்னா காலி பண்ணணும்னு அதுல எங்கயும் எழுதல."

மகனின் சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

படியில் பின்னாலேயே புலம்பிக்கொண்டு வந்தான். "வந்த லெச்சுமிய எட்டி ஒதச்சிட்டியேம்மா..."

டீக்கடைக்காரர் வாசலில் நின்றார். "என்ன போட்டோக்காரம்மா, கடை இருக்கா? இல்ல, இன்னைக்கோட ஜாகையக் காலி பண்றீகளா?"

கிண்டல்தான். ஆனால் அந்தத் தெருவில் என்னை ஒருவர் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நின்று, அவர் முகத்தை நேராகப் பார்த்து, "ஒரு டீ போடுங்க. கடைக்குக் குடுத்து விடுங்க" என்றேன்.

இந்தத் திங்கட்கிழமை எம். புதுப்பட்டியில் இருந்து, நாரணாபுரத்துக் கடைக்கு வந்து பழகிய கம்பெனிப் பெண்கள் நாலு பேர் மனுக் கொடுக்க வந்தார்கள். ஒருத்தி படம் எடுக்க உட்கார்ந்தாள். குளித்து, பூ வைத்து வந்திருந்தாலும் காதோரம் வெள்ளி மினுங்கியது. புதிதாக வாங்கிய துண்டை எடுத்துக்கொண்டு கேட்டேன்: "தொடைக்கட்டுமா?"

"இதென்ன யக்கா, புதுசாக் கேக்கீக? தொடைங்க."

துடைத்தேன். நிமிர்ந்தால், வாசல் பெஞ்சில் நித்யா. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. என் கையில் இருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுத் துண்டு அல்லவா, ஒட்டியது பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பெண்கள் போனதும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"முகம் கழுவிட்டுத்தான் வந்திருக்கேன் பாட்டி" என்றாள். ஐ.டி. கார்டுப் படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணாச்சி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். யோசிக்கட்டும். பத்து மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது.

புது ஊருக்கு வந்தால் மாறத்தான் வேண்டும் என்கிறார்கள். மாறியிருக்கிறேனே! இப்போது கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன். பேசவும் செய்கிறேன் – கொஞ்சம் அதிகமாகவே என்று மகனுக்கு வருத்தம். பழைய துண்டை மடித்துக் கேமராப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அது மட்டும் எந்த ஊருக்குப் போனாலும் துண்டாகவே இருக்கும்.

வழக்கம்போல ஒரு வேண்டுகோள். கடை திறந்து எட்டாம் நாளா, ஒன்பதாம் நாளா, நெற்றிச்சுட்டி நித்யாவுக்கா, ரிசப்ஷன் பெண்ணுக்கா, வந்தது நாலு பெண்களா, ஐந்தா... எல்லாம் குழம்புகிறது. சூலக்கரைப் பக்கம் வருகிறவர்கள் யாராவது டீக்கடையில் விசாரித்து, தப்பு இருந்தால் திருத்தி எழுதுங்கள்.

கடை இருக்கிறதா என்று மட்டும் விசாரிக்க வேண்டாம். நேராக வாருங்கள், திறந்திருக்கும்.