என் மனைவியின் குரல் இருந்த ஹார்ட் டிஸ்க்

என் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய வாரம் முழுக்க, சிங்கப்பூரில் எங்கள் சுவா சூ காங் வீட்டின் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் போனில் தன் குரலைப் பேசிப் பதிவு செய்தாள்.

"ஒண்ணொண்ணா கேளுங்க. ஒரேயடியா கேட்டு முடிச்சிடாதீங்க," என்றாள்.

எல்லாவற்றையும் எங்கள் கல்யாணப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்தேன். அந்தப் போன் பிறகு பழுதாகிப் போனது.

அவள் குரல் போன பிறகு நான் கேட்டது இரண்டே இரண்டு. ஒன்றில் மீன் குழம்புக்கு எப்போது புளி ஊற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தாள். மற்றதில், ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவதற்காக என்னைத் திட்டிக்கொண்டே சிரித்துவிட்டிருந்தாள். மிச்சத்தைக் கேட்க மனசு வரவில்லை. கேட்டால் தீர்ந்துவிடுமே.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவதைக் கேட்கலாம் என்று டிஸ்கைச் செருகினேன். உள்ளே டிக், டிக் என்று சத்தம். திரையில் எதுவும் வரவில்லை. கேபிளை மாற்றினேன். மகளின் பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். அதில் ஒரு நொடி தெரிந்தது. ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தியதும் மறைந்துவிட்டது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். பையில் சுற்றி வைத்தேன். என் மனைவி அதை எடுத்து மேசைமேல் வைத்து, போனில் எழுதிக் காட்டினாள்: "இது என்ன மீனா?"

மறுநாள் இருவரும் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த ஒரு டேட்டா ரெகவரி கடைக்குப் போனோம். அங்கிருந்த தமிழ்ப் பெண் டிஸ்கைக் காதோரம் வைத்துக் கேட்டாள்.

"அங்கிள், இனிமே இத ப்ளக் பண்ணாதீங்க லா. உள்ள இருக்குற தட்ட ஒரு சின்ன முனை தொடாமலே படிக்கும். இப்ப அது தட்டுலயே இடிக்குது. ஆன் பண்ணப் பண்ண கீறல் விழும். லேப்ல தொறந்து பார்க்கணும். ஆனா ப்ராமிஸ் பண்ண முடியாது."

சில வாரங்கள் கழித்து அந்தக் கடைப் பெண்ணே அழைத்தாள். போனோம். கல்யாணப் படங்கள் அத்தனையும் திரும்பக் கிடைத்திருந்தன. ஒலிப்பதிவுகள் இருந்த இடத்தில்தான் கீறல். அவற்றின் பெயர்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. எதை அழுத்தினாலும் ஒலிக்கவில்லை. கடைசிப் பதிவுக்கு என் மனைவி வைத்திருந்த பெயர், 'நான் இல்லாதப்ப'.

"சாரி அங்கிள்," என்றாள் அந்தப் பெண். கடையில் இருந்த அவ்வளவு பேர் முன்னால் அழுதேன். என் மனைவி முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

கீழே ஒரு கடையில் உட்கார வைத்து எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தாள்.

"அந்தக் கடைசியில என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

போனை எடுத்தாள். நெடுநேரம் எழுதினாள். எழுதியதை அழித்தாள். பிறகு என் பக்கம் திருப்பினாள்.

"மறந்துடுச்சுங்க."

அவளுக்கு எதுவும் மறக்காது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.